ஹால்வெல் துரையின் அட்ரஸ் புக்

எந்த அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் கொண்டுவரும் புகார் ஒன்று உண்டு. "சார், மெயில் வருது, போகுது. ஆனா அட்ரஸ் புக்ல என் பேரே இல்லை." ஐ.டி. பையன் இதற்கெல்லாம் அசர மாட்டான். கணக்கு நிஜமாகவே தொடங்கப்பட்டதா என்று பார்ப்பான். 'பட்டியலில் காட்டாதே' என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டுத் தொலைத்திருக்கிறார்களா என்று பார்ப்பான். இரண்டும் இல்லையென்றால், "உங்க அவுட்லுக் பழைய காப்பியைக் காட்டுது, நாளைக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். பெரும்பாலும் வந்தும்விடும். அந்தப் பட்டியலின் பிரதி பொதுவாக நாளுக்கு ஒரு முறைதான் கணினிக்கு இறங்கும்.

இதைவிட விவகாரமான புகார் ஒன்று இருக்கிறது. குழுவில் 123 பேர் என்று மேலே காட்டுகிறது. திறந்து பார்த்தால் பாதிப் பேருக்குக்கூடப் பெயர் இல்லை. மீதிப் பேர் யார்? எப்போது சேர்ந்தார்கள்? இருந்தார்களா, இல்லையா? இந்தப் புகார் கொல்கத்தாவில் 1756இல் பதிவானது. எத்தனையோ பேர் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், இன்னும் முடிந்தபாடில்லை.

நம் பள்ளிப் புத்தகத்தில் 'இருட்டறைத் துயரச் சம்பவம்' என்று இரண்டு மதிப்பெண் வினாவாக வந்துபோன சமாச்சாரம்தான் அது. சிராஜ் உத்-தௌலா 146 ஆங்கிலேயரைச் சின்ன அறையில் அடைத்தார், காலையில் 23 பேர் உயிரோடு வந்தார்கள், 123 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள் என்று எழுதி, கூடவே பிளாசிப் போருக்கு அதுதான் காரணம் என்று ஒரு வரி சேர்த்தால் முழு மதிப்பெண். அந்த 146ஐ யார் எண்ணியது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. எண்ணியவர் ஒரே ஒருவர். ஜான் செபனையா ஹால்வெல்.

டப்ளினில் பிறந்த ஹால்வெல் வைத்தியராகக் கல்கத்தா வந்து, படிப்படியாகக் கம்பெனியின் ஜமீன்தார் ஆனார். உள்ளூர்க்காரர்களிடம் வாடகையும் வரியும் வசூலிப்பது, வழக்கு விசாரிப்பது, கசையடி கொடுப்பது எல்லாம் அவர் இலாகா. கல்கத்தாவில் எவன் எந்தச் சந்தில் இருக்கிறான், எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான் என்பது அவருக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொள்ளலாம். பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

1756 ஏப்ரலில் அலிவர்திகான் இறந்தார். பேரன் சிராஜ் நவாப் ஆனார். வயது இருபதைச் சுற்றி, கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் கம்பெனி மேல் அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் கோட்டையைப் பலப்படுத்தினார்கள். கணக்குக் கொடுக்க வேண்டிய ஓர் அதிகாரியின் மகன் கிருஷ்ணதாஸ் பெட்டி படுக்கையோடு ஓடிவந்தபோது உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேட்கப் போன தூதரையும் விரட்டினார்கள். நவாப் கிளம்பி வந்துவிட்டார். ஜூன் 16ஆம் தேதி படை கல்கத்தாவைத் தொட்டது.

அப்புறம் நடந்ததைக் கம்பெனி வரலாற்றில் 'பின்வாங்கல்' என்று எழுதியிருப்பார்கள். நம் பாஷையில் லாக் அவுட். மானிங்ஹாம், ஃபிராங்க்லாந்து என்ற இரண்டு கவுன்சில் உறுப்பினர்கள் பெண்களைப் பத்திரமாகக் கப்பலில் ஏற்றிவிட்டு வருகிறோம் என்று போனார்கள். ஏற்றினார்கள், தாங்களும் ஏறினார்கள், கூப்பிட்டும் இறங்கவில்லை. ஜூன் 19ஆம் தேதி கவர்னர் ரோஜர் டிரேக் படகு ஏறினார். கோட்டைப் படைக்குத் தலைவரான மின்சினும் ஏறினார். கவர்னரும் தளபதியும் போன பிறகு கோட்டையில் யார் பெரியவர் என்று பார்த்தார்கள். ஹால்வெல்லைத் தலைவர் ஆக்கினார்கள். அவருடைய படகு மட்டும் சமயத்தில் காணாமல் போயிருக்காவிட்டால் அவரும் ஏறியிருப்பார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. நான் சொல்லவில்லை, கூட வேலை பார்த்தவர்கள் சொன்னது. கூட வேலை பார்த்தவர்கள் எந்த நூற்றாண்டிலும் அப்படித்தான்.

மறுநாள் மிச்சமிருந்த சிப்பாய்கள் சாராயக் கிடங்கை உடைத்தார்கள். கோட்டையைக் காக்க முடியாது, சாராயத்தையாவது எதிரிக்கு விடக்கூடாது என்ற நல்லெண்ணம். மாலையில் நவாப் உள்ளே வந்தார். கஜானாவைத் திறந்தால் ஐம்பதாயிரம் ரூபாய் போல இருந்தது. எரிச்சல் வந்திருக்கும், யாருக்கும் வரும். ஆனாலும் ஹால்வெல்லின் கட்டை அவிழ்க்கச் சொன்னார், உயிருக்குப் பயமில்லை என்றார், தூங்கப் போனார்.

ராத்திரியில் குடித்திருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் காவல்காரர்களோடு வம்பு வளர்த்தார்கள். இப்படிக் கலாட்டா செய்கிறவர்களை நீங்கள் வழக்கமாக எங்கே அடைப்பீர்கள் என்று நவாப் தரப்பில் கேட்டார்களாம். இங்கேயே ஒரு அறை இருக்கிறது என்று யாரோ காட்டிக்கொடுத்தார்களாம். காட்டியது கம்பெனியின் சொந்த லாக்கப்பை. குடிகாரச் சிப்பாய்களைப் போட்டுவைக்கக் கம்பெனியே கட்டிய அறை அது, 'பிளாக் ஹோல்' என்று பெயர் வைத்ததும் கம்பெனியே. நவாபுக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. அப்புறம் கதவைத் திறக்க அவர் உத்தரவு வேண்டும், அவரோ தூங்குகிறார், எழுப்பத் தைரியம் எவனுக்கும் இல்லை. அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி எழுந்திருக்கவில்லை என்பதற்காகக் கதவு திறக்காமல் ஆட்கள் செத்தது நிஜம். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. செத்தது எத்தனை பேர் என்பதில்தான் வேடிக்கை தொடங்குகிறது.

காலையில் திறந்தார்கள். ஹால்வெல்லை விலங்கு போட்டு முர்ஷிதாபாத் கொண்டுபோனார்கள். அங்கே விடுதலையானதும் ஜூலை 17ஆம் தேதி முதல் அறிக்கையை எழுதினார். அடைக்கப்பட்டவர்கள் 165 அல்லது 170, பிழைத்தவர்கள் 16 பேர் போல. பதினேழு நாள் கழித்து, ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹூக்ளியிலிருந்து இரண்டாம் அறிக்கை: போன தடவை கூடுதலாக எண்ணிவிட்டேன், அடைத்தது 146, இறந்தது 123. 'திருத்தப்பட்டது, முந்தைய இணைப்பைத் திறக்க வேண்டாம்' என்று நமக்கு வருமே, அந்த ரகம். பதினேழு நாளில் அறைக்குள் இருந்தவர்களில் இருபது பேர் போல வெளியேறிவிட்டார்கள், பிழைத்தவர்களில் ஏழு பேர் கூடிவிட்டார்கள். நல்ல முன்னேற்றம். இன்னும் நாலு கடிதம் எழுதியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள்.

அவர் எழுதவில்லை. 1757 பிப்ரவரியில் 'சைரன்' என்ற கப்பலில் இங்கிலாந்து திரும்பும்போது, மாசக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு வேறு வேலை இல்லாமல், வில்லியம் டேவிஸ் என்ற நண்பருக்கு விலாவாரியாக ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அது லண்டனில் அச்சாகி எல்லோரையும் அழவைத்தது. அந்த ராத்திரியின் ஒவ்வொரு நிமிடமும் அதில் இருக்கிறது. தாகம் தாங்காமல் தன் சட்டைக் கையில் ஊறிய வியர்வையை உறிஞ்சிக் குடித்தாராம். கொஞ்ச நேரத்தில் சரக்கு குறைகிறதே என்று பார்த்தால், மறுபக்கம் யாரோ உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். யார் என்று பின்னால் தெரிந்ததாம்: லஷிங்டன். நல்ல பையன், கம்பெனி எழுத்தர், பிழைத்தவர்களில் ஒருவர்.

கும்மிருட்டில் தன் சட்டைக் கையை உறிஞ்சியவன் பெயரைக் கண்டுபிடித்த ஹால்வெல், கடிதத்தின் கடைசியில் ஒரு பட்டியல் கொடுக்கிறார். இறந்தவர்கள் பட்டியல். அதன் தலைப்பிலேயே ஒரு விதிவிலக்கு. டச்சு, ஆங்கில சார்ஜெண்டுகள், கார்ப்பரல்கள், சிப்பாய்கள், மிலிஷியா ஆட்கள், போர்த்துக்கீசியக் கலப்பினப் படையாட்கள் என்று 69 பேர், இவர்கள் பெயர் எனக்குப் பழக்கமில்லை, ஆகையால் சேர்க்கவில்லை, அவர்களோடு சேர்த்து மொத்தம் 123 என்கிறார்.

அறுபத்தொன்பது பேர்! செத்தவர்களில் பாதிக்கு மேல். கவுன்சில் உறுப்பினர்கள் ஏர், பெய்லி பெயர் இருக்கிறது. பாதிரியார் பெல்லமி பெயர் இருக்கிறது. எழுத்தர்கள், கேப்டன்கள், லெப்டினன்ட்கள், கப்பல் தலைவர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரக்கூடியவர்கள் அத்தனை பேருக்கும் கணக்கு இருக்கிறது. பிழைத்தவர்கள் பட்டியலிலும் இதே கதைதான். 23 பேரில் 11 பேருக்குப் பெயர். மீதி 12 பேர், கறுப்பும் வெள்ளையுமாகப் படை மற்றும் மிலிஷியா ஆட்கள். செத்தவர்களைக் கேட்க முடியாது, சரி. பிழைத்தவனைக் கூப்பிட்டு "உன் பேர் என்னப்பா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்றைய அலுவலகத்திலும் இதே ஏற்பாடு செவ்வனே நடக்கிறது. வாசல் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்கா, பேன்ட்ரி அண்ணன், காண்ட்ராக்டில் வந்த பத்து பேர். இவர்கள் அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். அட்ரஸ் புக்கில் வர மாட்டார்கள். ஆனால் தீயணைப்பு ஒத்திகையில் தலையை எண்ணும்போது மட்டும் எண்ணிக்கைக்குள் வந்துவிடுவார்கள். ஹால்வெல்லின் 69 பேரும் அந்த ஜாதிதான். தொகைக்கு வேண்டும், பெயருக்கு வேண்டாம்.

சரி, தொகையாவது சரியா என்று பார்க்கலாம். அறையின் அளவு 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம். 267 சதுர அடி. 146 பேரை அதில் நிறுத்தினால் தலைக்கு இரண்டு சதுர அடிகூட வராது. அலுவலக நேரத்து சியால்டா லோக்கலில் நிற்பது போல என்று சொன்னால் கொல்கத்தாக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் சியால்டா லோக்கலில் ஒருவர் நினைத்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கலாம். ஹால்வெல் கடிதத்திலோ ஆட்கள் ஜன்னலுக்கு முண்டுகிறார்கள், பின்னால் போகிறார்கள், உட்காருகிறார்கள், எழுகிறார்கள், மேடையில் படுக்கிறார்கள், மறுபடி ஜன்னலுக்கு வருகிறார்கள். அந்த அறைக்குள் அவர் நடந்த தூரத்தைக் கூட்டினால் காலை நடைப்பயிற்சிக்குப் போதும்.

போலாநாத் சந்தர் என்ற வங்காளப் பெரியவருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சந்தேகம் வந்ததாம். வாதம் செய்யவில்லை. 18 அடிக்கு 15 அடி இடத்தைச் சுற்றி மூங்கில் வேலி போட்டு, ஊர்க் குடியானவர்களைக் கூப்பிட்டு உள்ளே நிறுத்திப் பார்த்தார் என்று சொல்வார்கள். 146க்கு வெகு முன்பே இடம் தீர்ந்துவிட்டது. வங்காளக் குடியானவன் ஆங்கிலேயனைவிட ஒல்லி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் புகாரை நேரில் போய்ச் சோதித்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே தீர்த்துவைத்தார்கள்.

கேப்டன் மில்ஸ் என்று இன்னொருவரும் உள்ளே இருந்து பிழைத்தவர். அவர் குறிப்பில் 144 பேர் இருந்ததாகவும் அதில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் இருந்ததாகவும் வருகிறது. ஹால்வெல் சொல்லும் பெண் ஒரே ஒருவர், திருமதி கேரி. கப்பல் தலைவர் ஒருவரின் மனைவி. கணவர் அங்கேயே இறந்தார். இவர் பிழைத்தார், அழகாக இருந்ததால் நவாப் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்பது ஹால்வெல் சேர்க்கும் மசாலா. நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1799இல், ஒரு வக்கீல் கல்கத்தாவிலேயே அந்த அம்மாளைப் போய்ப் பார்த்தார். அப்போது வயது 58. ஹால்வெல் சொன்னதெல்லாம் சரிதான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு சேர்க்கை சொன்னார்: அந்த அறையில் தன் கணவர் மட்டுமல்ல, தன் அம்மாவும் பத்து வயதுத் தங்கையும் இறந்தார்கள், சிப்பாய்களின் மனைவிகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஹால்வெல்லின் பட்டியலில் அந்தப் பெண்களும் பிள்ளைகளும் கிடையாது.

இதுதான் என்னைத் திகைக்கவைக்கும் இடம். எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர் என்று ஹால்வெல்லைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது, ஆட்களை விட்டுவிட்டவர் என்றும் தெரிகிறது. இல்லாதவர்களைச் சேர்த்தார், இருந்தவர்களை விட்டார். இரண்டு தப்பையும் ஒரே கோப்பில் செய்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஹால்வெல்லின் பட்டியலோடு நிற்கவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ், பின்னால் கவர்னர் ஜெனரல் ஆனாரே அவர்தான், தப்பி ஓடிய ஆங்கிலேயர்கள் ஃபல்டாவில் கூடாரம் போட்டுக் கிடந்த சமயத்தில் மேரி என்ற இளம் விதவையைப் பார்த்து, அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார். இருட்டறையில் இறந்த கேப்டன் புக்கனனின் மனைவி அவர். ஹேஸ்டிங்ஸின் வாழ்க்கையை எழுதியவர்கள் ரொம்ப காலம் வரை கேப்டன் கேம்பல் என்ற வேறொருவரின் விதவை என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணக்கை இன்னொரு மேலாளரின் கீழே இணைத்துவிட்டால் வரும் கோளாறு. புக்கனன் செத்தும் நிம்மதியில்லை.

இவ்வளவு நடந்தது நம் சென்னைக்கு எப்போது தெரிந்தது? கல்கத்தா விழுந்த செய்தி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தது ஆகஸ்ட் 16ஆம் தேதி. 57 நாள் தாமதம். கிளைவ் அப்போது கடலூர் டேவிட் கோட்டையில் பொறுப்பில் இருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு யார் தலைமை, யாருக்கு எவ்வளவு அதிகாரம், கப்பல் படைத்தலைவர் வாட்சன் பெரியவரா, கிளைவ் பெரியவரா என்று இரண்டு மாதம் கூட்டம் போட்டார்கள். அக்டோபர் 16ஆம் தேதி கப்பல்கள் சென்னையை விட்டுக் கிளம்பின. 1757 ஜனவரி 2ஆம் தேதி கல்கத்தா மறுபடி கம்பெனி கையில். ஜூனில் பிளாசி. சிராஜ் கொல்லப்பட்டார், மீர் ஜாஃபர் நவாப் ஆனார்.

இப்போது இன்னொரு பட்டியலைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த பட்டியல்களிலேயே ஒரு பிழையும் இல்லாத பட்டியல்.

பிளாசிக்குப் பிறகு புதிய நவாப் கம்பெனி துரைமார்களுக்கு அன்பளிப்பு கொடுத்தார். யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு 1770களில் தோண்டி எடுத்து அச்சிட்டது. கிளைவ் தொகையைச் சொன்னால் தலை சுற்றும், விட்டுவிடுவோம். படகேறி ஓடினாரே கவர்னர் டிரேக், அவருக்கு 2,80,000 ரூபாய், அதாவது 31,500 பவுண்ட். பெண்களை ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனாரே மானிங்ஹாம், அவருக்கு 2,40,000 ரூபாய். கோட்டையை விட்டு ஓடியது இவர்கள் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளியாகக்கூட ஏறவில்லை. 1760இல் நவாபை மாற்றி மீர் காசிமை உட்காரவைத்தபோது இன்னொரு சுற்று. அதற்குச் சற்று முன்பு, அதே ஆண்டில், வங்காளத்துக்குக் கொஞ்ச மாதம் கவர்னராக இருந்தவர் சாட்சாத் ஹால்வெல். அவர் பங்கு 30,937 பவுண்ட்.

ஒரு பவுண்டுகூடத் தவறவில்லை, கவனித்தீர்களா? 'பெயர் பழக்கமில்லாத 69 பேர்' என்று யாரும் இங்கே கிடையாது. ஆளுக்கு ஆள் பெயர், பதவி, ரூபாயில் எவ்வளவு, பவுண்டில் எவ்வளவு. கம்பெனிக்குப் பெயர்ப் பதிவேடு வைத்துக்கொள்ளத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. பணம் வாங்கினவன் பெயரை ஒழுங்காகப் பதியத் தெரியும். செத்தவன் பெயரைத்தான் பதியத் தெரியவில்லை.

அந்த 1760இல்தான் ஹால்வெல் தன் செலவில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும். கடிதத்தில் 123இலிருந்து 69ஐக் கழித்தால் 54 பேருக்குப் பெயர் வர வேண்டும். தூணில் ஏறியவை ஐம்பதுக்கும் குறைவு. கல்லுக்கு மாற்றும்போது இன்னும் சிலர் உதிர்ந்துவிட்டார்கள். 123 என்ற எண் மட்டும் உதிரவில்லை. 1821இல் கம்பெனி அரசாங்கமே அந்தத் தூணை இடித்துத் தள்ளியது. அடுத்த எண்பது ஆண்டு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டவர் கர்சன். 1899இல் வைஸ்ராயாக வந்த இந்த மனிதருக்குக் கல் என்றால் உயிர். தூணைக் காணோமே என்று பதறி, அதே வடிவத்தில் வெள்ளைப் பளிங்கில் சொந்தப் பணத்தில் புதிதாகக் கட்டினார். கட்டும்போதுதான் பெயர்கள் போதவில்லை என்பது அவருக்கு உறைத்தது. நல்ல நிர்வாகி. பெயர்களைத் தேடச் சொன்னார். அரசாங்க ஆவணக் காப்பாளர் எஸ்.சி. ஹில் உட்கார்ந்து 1756இல் வங்காளத்தில் கம்பெனித் தொழிற்சாலைகளில் இருந்த ஐரோப்பியர்கள் பட்டியல் ஒன்றைத் தொகுத்து 1902இல் வெளியிட்டார். நூற்று நாற்பத்தாறு ஆண்டு கழித்து, பழைய கடிதம், சம்பளக் கணக்கு, உயில் எல்லாவற்றையும் புரட்டி, ஓர் அலுவலகத்தின் முழு டைரக்டரியை ஒரு மனிதர் மீட்டெடுத்தார். கிண்டல் இல்லாமல் சொல்கிறேன், இந்தக் கதையில் வேலையை ஒழுங்காகச் செய்தவர் ஹில்.

விளைவு? இருட்டறையில் இறந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட புதுப் பெயர்கள் கிடைத்தன. அப்படியும் 123 வரவில்லை. கர்சன் சளைக்கவில்லை. முற்றுகையின்போது சண்டையில் இறந்தவர்கள், அறையிலிருந்து பிழைத்து வந்து அப்புறம் இறந்தவர்கள் என்று இன்னும் இருபது பேருக்கு மேல் சேர்த்துத் தூணின் வேறு பக்கத்தில் பொறித்தார். அவர்கள் இருட்டறையில் சாகவில்லை என்பதை நேர்மையாகவே எழுதியும் வைத்தார். அதை யார் நின்று படிக்கிறார்கள்? தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தூண் நிறையப் பெயர். 1902 டிசம்பரில் திறப்பு விழா.

கல்லில் பொறித்த பதினைந்து ஆண்டுக்குள் அதை நம்பாதவர்கள் எழுந்தார்கள். அக்ஷய் குமார் மைத்ரேய என்ற ராஜ்ஷாஹி வக்கீல் முன்பே சிராஜைப் பற்றி வங்காளத்தில் புத்தகம் எழுதி, இந்தக் கதை மேல் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார். 1915இல் ஜே.எச். லிட்டில் என்ற ஆங்கிலேயரே கல்கத்தா வரலாற்றுச் சங்கத்தின் இதழில் ஹால்வெல்லின் யோக்கியதையைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். இருட்டறையே புரளி, பெயர் சொல்லப்பட்டவர்கள் சண்டையில் இறந்தவர்கள் என்பது அவர் கட்சி. மறு ஆண்டு கூட்டம் போட்டு விவாதித்தார்கள். வரலாற்றுச் சங்கக் கூட்டம் எப்படி முடியுமோ அப்படியே முடிந்தது.

லிட்டில் சொன்னது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏதோ நடந்தது, ஆட்கள் இறந்தார்கள், அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எத்தனை பேர் என்பதற்கு ஓரளவு தீர்வு 1959இல்தான் வந்தது. பிரிஜேன் குப்தா என்ற ஆய்வாளர் ஆவணங்களை எல்லாம் மறுபடி எடுத்து, கடைசி நாள் கோட்டையில் யார் இருந்திருக்க முடியும் என்று பார்த்துக் கணக்குப் போட்டார். அறைக்குள் போனவர்கள் 64 பேர் போல, பிழைத்தவர்கள் 21. அப்படியானால் இறந்தவர்கள் 43. ஹால்வெல் பெயர் தெரியாது என்று ஒதுக்கிய 69ஐவிடவும் இது குறைவு. குப்தாவின் கணக்கு சரியென்றால் பெயர் தெரியாதவர்களில் ஏகப்பட்ட பேருக்குப் பெயர் இல்லாததற்குக் காரணம் மிக எளிமையானது.

ஆனால் உண்மையிலேயே இருந்தவர்களும் அந்த 69க்குள்தான் புதைந்து கிடக்கிறார்கள். திருமதி கேரியின் தங்கைக்கு அதிலும் இடமில்லை. பொய்யாகச் சேர்த்தவனையும் நிஜமாகச் செத்தவனையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்கிவிட்டால், பிறகு எந்தக் குப்தாவாலும் பிரித்தெடுக்க முடியாது.

குப்தாவுக்கு முன்பே வங்காள ஜனங்கள் வேறு வழியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1940இல் சுபாஷ் சந்திர போஸ், டல்ஹவுசி சதுக்கத்தில் நிற்கும் அந்தத் தூணை எடுக்க வேண்டும் என்று போராட்டம் அறிவித்தார். ஜூலை 3ஆம் தேதி சிராஜ் தினம், அன்று ஊர்வலம். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்றார்கள், அந்தக் காலத்து வங்காளத்தில் அது லேசான காரியம் இல்லை. ஜூலை 2ஆம் தேதி போஸைக் கைது செய்தார்கள். வங்காளத்தின் ஃபஸ்லுல் ஹக் அரசாங்கம் தூணை எடுக்க ஒப்புக்கொண்டது. தூண் போனது, ஆனால் போஸை விடவில்லை. அவர் உண்ணாவிரதம் இருந்து டிசம்பரில் வீட்டுக்கு வந்தார். 1941 ஜனவரியில் எல்கின் ரோடு வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல் இருக்கும்போதே காணாமல் போனார். அவரைத் தேடிய பட்டியல்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும்.

கொல்கத்தா போகிறவர்கள் முன்பு டல்ஹவுசி சதுக்கமாக இருந்த பி.பா.தி. பாக் பக்கம் போனால் ஜி.பி.ஓ. கட்டடத்தைப் பாருங்கள். பழைய கோட்டை இருந்த இடத்தில் கிரான்வில் வடிவமைத்து 1868இல் முடித்த தலைமைத் தபால் நிலையம். அதன் படிக்கட்டில் கோட்டைச் சுவர் ஓடிய இடத்தைக் காட்டப் பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். இருட்டறை இருந்தது அந்தக் கட்டடத்துக்கு வடக்கே உள்ள சந்தில் என்கிறார்கள். கடிதங்கள் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே விலாசம் இல்லாதவர்கள்! அங்கிருந்து தெற்கே நடக்கிற தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். ஜாப் சார்னாக் சமாதி இருக்கிற அதே வளாகத்தில்தான் கர்சனின் தூணைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அருகில் போய், இருட்டறையில் இறந்தவர்கள் என்று பொறித்த பெயர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். 123 வராது.